ஆகாயத்தில் 100 கிலோ மீட்டர். தரையில் எத்தனை மணி?

ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே ஆகாய வழித் தூரம் சுமார் 100 கிலோ மீட்டர்தான். "அப்படியானால் அரை மணியில் சென்னை போய் விடலாமே!" என்று யாருக்கும் தோன்றும். சித்தூரில் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவர் இந்தக் கணக்கை நம்பிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

சித்தூரில் இருந்து ரேணிகுண்டாவுக்குச் சுமார் 80 கிலோ மீட்டர். பஸ் பிடித்து, இறங்கி, ஆட்டோ பேசிப் போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடி விடுவார்கள். ஆக மூன்று மணி நேரம் போய்விட்டது. இவர் இன்னும் தரையில்தான் இருக்கிறார்! அந்த நேரத்தில் ராணிப்பேட்டை வழியாகக் காரில் போனவர் சென்னையை நெருங்கி இருப்பார்.

ஐதராபாத் விஷயம் வேறு. ரேணிகுண்டாவில் இருந்து ஆகாய வழியில் சுமார் 420 கிலோ மீட்டர். ஒன்றேகால் மணிப் பயணம். ரெயிலில் இதே ஊருக்குச் சுற்றிப் போக வேண்டும். 2023 ஏப்ரலில் விட்ட செகந்திராபாத் 'வந்தே பாரத்' ரெயிலே 661 கிலோ மீட்டரைக் கடக்க எட்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒரு நாள் லீவு மிச்சமாகும் என்றால் விமானத்துக்குக் கொடுக்கும் பணம் சிலருக்குக் கட்டுப்படியாகலாம். தூரம் கூடக்கூடத்தான் விமானத்தால் லாபம். டெல்லியில் இருந்து ஏழுமலையானைத் தரிசிக்க வருபவருக்கு அது வரப்பிரசாதம். 2015 அக்டோபர் 22-ந் தேதி திறந்த புதிய முனையம் அவர்களுக்கு நன்றாகவே பயன்படுகிறது.

நம்மவர்கள் போவதோ தெற்கே. வேலூர் ஆஸ்பத்திரிக்கு, காட்பாடிக்கு, அங்கிருந்து திருச்சி, மதுரைக்கு. இந்த வழியில் காலத்தைத் தின்பது தூரம் அல்ல, ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். திருப்பதி-பாகாலா-காட்பாடி இடையே 104 கிலோ மீட்டரை ரூ.1,332 கோடியில் இரட்டைப் பாதையாக்க மத்திய மந்திரிசபை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அந்தப் பாதை சித்தூர் வழியாகவே செல்கிறது. தினக்கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் வேலை பார்ப்பவர்களுக்கு விமான நிலையத்தை விட இதுவே பெரிய செய்தி.

2022 ஏப்ரல் 4-ந் தேதி மாவட்டங்களைப் பிரித்தபோது ரேணிகுண்டா திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. சித்தூருக்கு மிஞ்சியது ரெயில்தான். இரட்டைப் பாதை வந்த பிறகு அதில் ஓடும் வண்டிகளில் எத்தனை சித்தூரில் நிற்கும் என்பதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.