இனாமாக வந்த பெட்டி

இணையம் வீடுகளுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, தொலைபேசிக் கம்பி வழியாக எழுத்தை வரவழைத்துத் திரையிற் படிக்கும் வசதி இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருந்தது. இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே வித்தையையே கையாண்டன. ஆயினும், ஒன்றிலே அது முளையிலேயே வாடிற்று; மற்றதிலே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தது.

இங்கிலாந்துத் தபாற் பகுதியின் ஆராய்ச்சியாளரான சாம் ஃபெடிடா வகுத்த திட்டம், 1979ஆம் ஆண்டில் 'பிரெஸ்டல்' என்னும் பெயருடன் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசியோடு இணைத்து, வேண்டிய பக்கத்தின் இலக்கத்தை அழுத்தினால், தூரத்துக் கணினி அப்பக்கத்தை அனுப்பிவைக்கும். வரிக்கு 40 எழுத்தாக 24 வரிகள். செய்தியும் காலநிலையும் பங்கு விலையும் அதிலே கிடைத்தன. ஆனால் அதற்கென விசேட தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும்; சந்தா வேண்டும்; அழைப்புக்குக் கட்டணம் வேறு; சில பக்கங்களைத் திறப்பதற்கே தனிக் காசு! சில பென்சுக்குப் பத்திரிகை வாங்கிப் படிக்கும் குடும்பத் தலைவன் இத்தனைக்கும் ஏன் பணத்தைக் கொட்டப் போகிறான்? பாவனையாளர் தொகை ஓர் இலட்சத்தை எட்டவேயில்லை.

பிரெஞ்சு அரசு வேறு கணக்குப் போட்டது. தொலைபேசி இணைப்புகள் மளமளவெனப் பெருகிய அந்நாட்டில், ஆண்டுதோறும் அச்சிடும் விபரக்கொத்து கைக்கு வரும்போதே பழசாகிவிடும். அந்தப் பருத்த புத்தகத்துக்குப் பதிலாக ஒரு சிறு திரைப் பெட்டியையே இனாமாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று தபால் தந்திப் பகுதியினர் எண்ணினர். 1980இல் சென் மாலோவிலும், 1981இல் பாரிசுக்கு அண்மையிலுள்ள வெலிசியிலும் பரீட்சித்துப் பார்த்தபின், 1982 முதல் 'மினிடெல்' வீடு வீடாகச் சென்றது. தட்டெழுத்துப் பலகையும் திரையும் ஒரே பெட்டியில் அமைந்திருந்தமையால், பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கையிலேயே தாய் இலக்கம் தேடலாம். விபரக்கொத்தில் முதல் மூன்று நிமிடத் தேடுதலுக்குக் கட்டணமும் இல்லை.

வேகம் இன்றைய மாணவருக்குச் சிரிப்பூட்டும். வினாடிக்குச் சுமார் 120 எழுத்துகளே வரும். திரை முழுவதும் நிரம்ப எட்டு வினாடிகள். திரும்பிச் செல்லும் வழியோ அதனிலும் பதினாறு மடங்கு மந்தம். எனினும் மனித விரல் தட்டும் வேகத்துக்கு அது தாராளமாகப் போதும்.

1984இல் வந்த கட்டண முறையே எல்லாவற்றிலும் கெட்டித்தனமானது. 3615 என்று அழைத்து ஒரு சேவையைப் பார்த்தால், பார்த்த நேரத்துக்குரிய பணம் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்துவரும். தபால் தந்திப் பகுதி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிகுதியைச் சேவை நடத்துவோருக்கு அளிக்கும். விளம்பரங்கள் கைநழுவுமென அஞ்சிய பத்திரிகைகளைச் சமாதானப்படுத்த, ஆரம்பத்தில் இவ்வுரிமை அவற்றுக்கே வழங்கப்பட்டது.

இனி நடந்ததை எந்த அதிகாரியும் எதிர்பார்க்கவில்லை. ஸ்திராஸ்பூர்க் நகரப் பத்திரிகையொன்றின் சேவையிலே, தடுமாறும் பாவனையாளருக்கு உதவுவதற்கென ஒரு செய்திவழி இருந்தது. யாரோ ஒரு கெட்டிக்காரர் அதனைப் புகுந்து பயன்படுத்தி மற்றவர்களோடு உரையாடத் தொடங்கினார். பத்திரிகைக்காரர் அதைத் தடுக்கவில்லை; ஒரு சேவையாகவே ஆக்கிவிட்டனர். விபரக்கொத்துக்காகப் படைத்த பெட்டி அரட்டைப் பெட்டியாயிற்று! காதற் சல்லாபத்துக்கென்றே சேவைகள் முளைத்தன. மாத முடிவிற் கட்டணச் சீட்டைக் கண்டு திகைத்த பெற்றோர் எத்தனை பேரோ. 1985 யூனில் நெரிசல் தாங்காது அதன் வலையமைப்பே நிலைகுலைந்தது. 1986இன் இறுதியில் பல்கலைக்கழகச் சீர்திருத்த மசோதாவை எதிர்த்து மாணவர் கிளர்ந்தபோது, 'லிபரேசியோன்' பத்திரிகையின் சேவை மூலம் ஊருக்கு ஊர் செய்தி பரிமாறிக்கொண்டனர். அரசு கொடுத்த பெட்டி அரசுக்கெதிராகவே பேசிற்று. டிசம்பரில் மசோதா கைவிடப்பட்டது.

உச்ச காலத்தில் ஏறத்தாழ 90 இலட்சம் பெட்டிகள் பாவனையில் இருந்தன. புகையிரத ஆசனம் ஒதுக்குவதும் பரீட்சை முடிவு பார்ப்பதும் அதிலேயே. இதனாலேதான் பிரெஞ்சுக்காரர் இணையத்தை நாடத் தாமதித்தனர் என்று குறைகூறுவோர் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், பத்தாண்டு முன்கூட்டிக் கிடைத்த வசதியைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2012ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி மினிடெல் நிறுத்தப்பட்டது. பாற்பண்ணை விவசாயிகள் சிலர் அதுவரையும் அதனைக் கைவிடவில்லை.