கேஸ் ஷீட்டில் ஒரு கேள்வி

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



என் அப்பா அரசு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் இருந்தார். நெற்றியில் திருநீறு இல்லாமல் காபிகூடக் குடிக்காதவர். கடைசி இரவு முழுக்க அம்மா திருநீற்றுப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் உடலைக் கொடுத்த பிறகுதான் பூசிவிட முடிந்தது. “அவருக்குத் தெரியாதேடா” என்று அழுதார். பணியிலிருந்த செவிலியரைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவை அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். எங்களை உள்ளே விடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. உயிர் பிரியும் வேளையில் காதருகே கலிமா சொல்ல இஸ்லாமியக் குடும்பங்கள் தவிக்கின்றன. கத்தோலிக்கர்களின் நோயில்பூசுதலை உயிர் இருக்கும்போதுதான் கொடுக்க முடியும். இவற்றையெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

இது மருத்துவத்துக்குப் புறம்பான பேச்சும் அல்ல. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் கலந்திருக்கின்றன என்று கற்பித்தார். 2002இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஆதரவு சிகிச்சைக்குத் தந்த வரையறையிலும் ஆன்மிகத் துயர் இடம்பெற்றது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்தச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவருக்கும் அது முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

நான் கேட்பது மூன்று.

சேர்க்கும்போதே கேஸ் ஷீட்டில் ஒரு கேள்வி இருக்கட்டும்: “உங்களுக்கு மனத்தெம்பு தருவது எது? நிலைமை மோசமானால் யாரை அழைக்க வேண்டும்?”

இனிப் பிழைப்பது கடினம் என்று மருத்துவர் சொன்னபின், கைகழுவி முகக்கவசம் அணிந்த ஒருவரைப் பத்து நிமிடம் உள்ளே விடுங்கள். தொற்று பற்றிய மருத்துவர்களின் அச்சம் நியாயமானது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் விளக்கும் சாம்பிராணியும் கூடவே கூடாது. ஒரு சிட்டிகைத் திருநீற்றையும் நாலு வரி ஜெபத்தையும் அனுமதிக்கலாம்.

மூன்றாவது, நோயாளி கேட்காமல் எவரும் அவர் தலைமாட்டில் மதம் பேசக் கூடாது. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அதே பத்து நிமிடம் உண்டு. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

இதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும். இன்றிரவும் ஏதோ ஒரு வராந்தாவில் ஒரு அம்மா காத்திருப்பார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்