கடைமடையில் ஒரு கடல்

உலக அரசியலை நாம் பெரும்பாலும் ஒரே வகைப் படத்தில்தான் பார்க்கிறோம்: நாட்டுக்கொரு வண்ணம், நடுவில் எல்லைக்கோடு. மத்திய ஆசியாவைப் பொறுத்தவரை அந்தப் படம் கண்ணை மறைக்கிறது என்றே சொல்வோம். அங்கே ஒரு கடலே போய்விட்டது.

1960இல் ஏரல் கடலின் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். ஆமூ தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளால் உயிர்வாழ்ந்த ஏரி அது. சோவியத் அரசு பருத்திக்காக இரண்டையும் கால்வாய்களில் திருப்பிவிட்டது. 2007 வாக்கில் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். துறைமுகமாக இருந்த மொய்னாக்கில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கடலடியில் படிந்திருந்த உப்பும் பூச்சிமருந்தும் புழுதியாகக் கிளம்பி, சுற்றியுள்ள மக்களின் மூச்சில் கலக்கின்றன.

இப்போது ஆறுகளின் வரைபடத்தை எல்லைகளின் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தலைமடையில் கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும். பனிமலையும் அணையும் அவர்களிடம், எரிவாயு மிகக் குறைவு. கீழே உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கஜகஸ்தான். வயலும் எரிபொருளும் இவர்களிடம். சோவியத் காலத்தில் கோடையில் மேலிருந்து தண்ணீர் வந்தது, குளிர்காலத்தில் கீழிருந்து நிலக்கரியும் எரிவாயுவும் போயின. 1991இல் உள்நாட்டுக் கோடுகள் நாட்டெல்லைகளாயின. அந்தக் கொடுக்கல் வாங்கலும் குலைந்தது. குளிருக்கு மின்சாரம் வேண்டி கிர்கிஸ்தான் டோக்டோகுல் அணையைக் குளிர்காலத்தில் திறந்தது. பயிருக்கு வேண்டிய கோடையில் கீழே தட்டுப்பாடு. யாரைக் குறை சொல்வது?

கஜகஸ்தான் 2005இல் கோக்-அரால் அணையைக் கட்டி வடக்குத் துண்டைக் காப்பாற்றிக்கொண்டது. உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. மனம் நிறைந்து பாராட்டுகிறோம். ஆனால் அணைக்குத் தெற்கே, உஸ்பெகிஸ்தான் பக்கம், கடல் வற்றிக்கொண்டேதான் போனது. அந்தக் கடைமடையில் இருக்கிறது கரகல்பகிஸ்தான் என்ற தன்னாட்சிப் பகுதி. அதன் பிரிந்துபோகும் உரிமையை அரசமைப்புச் சட்டத்திலிருந்து நீக்கும் முயற்சியை எதிர்த்து 2022 ஜூலையில் நுகுஸ் நகரில் மக்கள் திரண்டார்கள், பலர் உயிரிழந்தார்கள். தண்ணீர்தான் அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. கடலையும் பிழைப்பையும் இழந்த மக்களிடம் எஞ்சியிருந்த ஓர் உரிமையிலும் கைவைத்தார்கள் என்பது, ஆற்றின் படத்தைப் பார்க்காதவருக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறோம்.

அதே 2022இல் தாலிபான் அரசு ஆமூ தாரியாவிலிருந்து 285 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோஷ் தெபா கால்வாயை வெட்டத் தொடங்கியது. 1992இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகள் செய்துகொண்ட நீர் உடன்படிக்கையில் ஆப்கானிஸ்தானுக்கு இடமில்லை. வறட்சியில் வாடும் ஆப்கன் உழவருக்கும் அந்த ஆற்றில் பங்கு உண்டு; அதை மறுக்க நமக்கு மனமில்லை. அவரையும் சேர்த்து ஆறு நாடுகளும் உட்கார்ந்து பேசும் மேசைதான் இன்னும் அமையவில்லை. நம் நாளிதழ்கள் அடுத்த முறை இந்தக் கால்வாயைப் பற்றி எழுதும்போது, காபூலையும் தாஷ்கண்டையும் மட்டும் புள்ளிவைத்துக் காட்டாமல், பாமீர் மலையிலிருந்து மொய்னாக் வரை ஆற்றை முழு நீளத்துக்கும் வரைந்து போடட்டும்.