ஆடியவள் தாசி, கற்றவள் கலையரசியா?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தங்கள் பெண் குழந்தைகளுக்குப் பரத நாட்டியம் கற்பிப்பதைக் கௌரவமாகக் கருதும் தோழர்கள், விராலிமலை முத்துக்கண்ணம்மாளின் சரித்திரத்தை அவசியம் அறிய வேண்டும்.

1937-இல் பிறந்த அவ்வம்மையாருக்கு 7-ஆம் வயதில் பொட்டுக் கட்டப்பட்டது. அம்மலைக் கோயிலுக்கு அப்படி விடப்பட்ட பெண்கள் 32 பேர். விவரமறியாத குழந்தையைக் கல்லுக்குக் கட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் ஆகிய அம்மையார்கள் பாடுபட்டதன் பயனாய், சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்து பொட்டு ஒழிந்தது. அது மிகவும் சரியே. ஆனால் பொட்டோடு அப்பெண்களின் பிழைப்பும் போயிற்றே, அதற்கு யார் வழி செய்தார்கள்?

'தாசி ஆட்டம்' என்று சதிரை இகழ்ந்த மேல்ஜாதியாரோ, 1930-களிலேயே அதற்குப் பரத நாட்டியமென்று பெயரிட்டுச் சபா மேடையில் ஏற்றிக்கொண்டார்கள். ஆடி வளர்த்தவள் தாசி, கற்றுக்கொண்டவள் கலையரசியாம்!

பாடிக்கொண்டே சதிராடும் அம்மையாருக்கு 2022-இல்தான், 80 வயது கடந்த பிறகுதான், பத்மஸ்ரீ கிடைத்தது. மற்ற 31 பேருக்குக் கிடைத்ததென்ன?

தோழர்களே! உங்கள் குழந்தைக்குச் சலங்கை கட்டுங்கள், தடையில்லை. ஆனால் அக்கலை யாருடைய காலில் வாழ்ந்து வந்ததென்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். ஆட்டத்திற்குத் தரும் மரியாதையை ஆடியவளுக்கும் தருவதே மனிதத் தன்மையாகும்.