கவ்வாத்து வேறு, மொட்டையடிப்பு வேறு



மகளைக் காரைதீவில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு. கம்பியில் முட்டுகிறது என்று மூன்று வருடத்துக்கு முன் அதை நடுத்தண்டோடு அறுத்துத் தள்ளினார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். வெட்டிய இடத்தைச் சுற்றிக் கம்பு கம்பாக முளை. மரம் பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. வாடைக்காற்றில் ஒரு முளை பிய்ந்து ஓட்டின் மேல் விழுந்ததாம். வெட்டுவாயைத் தொட்டால் உளுத்த மரம் மாவாக உதிர்கிறது.

கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தேயிலையும் மரந்தான்; விட்டால் 30 அடி போகும். இளசிலேயே அடக்கி, தோட்டத்தின் உயரத்தைப் பொறுத்து 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவதால்தான் இடுப்பளவில் நிற்கிறது. அதையும் கண்டபடி வெட்டுவதில்லை. வேரில் மாச்சத்து இருக்கிறதா என்று அயடின் தடவிப் பார்ப்பதும், ஓரத்தில் சில கிளைகளை விட்டுவைப்பதும் செடி செத்துப்போகாமல் இருக்கத்தான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இலிருந்து இந்தச் செடியை ஆராய்கிறது. லயத்துக்கு மேல் நிற்கும் மரத்தைப் பற்றி நமக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

மொட்டையடித்த மரத்துக்கு இலை இல்லை, சாப்பாடு இல்லை. பட்டைக்குள் தூங்கிய மொட்டுகளை அவசரமாகத் தள்ளுகிறது. அந்த முளைகள் உண்மையான கிளைபோல மரத்துக்குள் ஊன்றி வளர்ந்தவை அல்ல, காற்றுக்குத் தாங்காது.

உயரத்தைக் குறைக்க வழி உண்டு. தலைத்தண்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டினால், அந்தக் கிளையே தலையாகிவிடும். பெரிய கிளையை மேலிருந்து மட்டும் அறுத்தால் பட்டையை உரித்துக்கொண்டு விழும். முதலில் ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலே அறுக்க வேண்டும். மிச்சக் கட்டையை அடியிலுள்ள தடித்த வளையம் காயப்படாமல் எடுத்தால் காயம் மூடும். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் இலையை எடுக்கக் கூடாது. (தென்னைக்கு இது பொருந்தாது, அதற்கு ஒரே குருத்து, வெட்டினால் மரமே போச்சு.)

இப்படி வெட்ட நேரம் கூடப் போகும், அதனால்தான் நிர்வாகங்கள் மொட்டையடிக்கச் சொல்கின்றன. மூன்று வருடத்தில் மறுபடி ஆள் ஏற்ற வேண்டும், அதுவும் உளுத்த மரத்தில். ஏறுவது துரை அல்ல, நாம். கயிறு, தலைக்கவசம், நல்ல வாள், பழகிய ஆள், முழுப் பேர்: இவை இல்லாமல் யாரும் மரத்தில் கால் வைக்கக் கூடாது. ஏற்கெனவே உளுத்து லயத்தின் மேல் சாய்ந்து நிற்பதை எந்தக் கவ்வாத்தும் காப்பாற்றாது. அதை நிர்வாகம் தன் செலவில் முழுதாக இறக்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தைச் சுற்றி அப்படி எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.