‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பவர்களுக்கு



உடல்நலம் பற்றி நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் ஊர் மாறி, கையெழுத்து மாறி, திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ‘அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஆறு மாசம் ஆச்சு. இப்போ நல்லா நடக்கிறார், நல்லா சாப்பிடுகிறார். இத்தனை மாத்திரை எதுக்கு? கொஞ்சம் குறைச்சுக்கலாமா?’

கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. காலையில் நாலு, ராத்திரி மூணு என்று விழுங்குகிறவருக்கு அலுப்பு தட்டாதா? மாசம் பிறந்தால் மெடிக்கல் ஷாப் பில் வேறு பயமுறுத்துகிறது. இருந்தாலும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் குறைக்காதீர்கள். அப்பா நன்றாக இருப்பதில் அந்த மாத்திரைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

தலைவலிக்கு மாத்திரை போட்டால் அரை மணியில் பலன் தெரிகிறது. இதயத்துக்கான மாத்திரைகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. வரவிருந்த ஒன்றை வரவிடாமல் தடுப்பதே அவற்றின் வேலை. வராமல் போனதை யார் கண்ணால் பார்க்க முடியும்? அதனால்தான் ‘இது வேலை செய்யுதா, இல்லையா’ என்ற சந்தேகம் எல்லா வீட்டிலும் வருகிறது.

ஸ்டென்ட்டையே எடுத்துக்கொள்வோம். ரத்தக் குழாயை விரித்துப் பிடித்திருக்கும் மெல்லிய உலோக வலை அது. உடம்புக்கு அது அந்நியப் பொருள். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (டெங்கு காய்ச்சல் புண்ணியத்தில் நாமெல்லாம் கேள்விப்பட்ட அதே பிளேட்லெட்) அதன்மேல் ஒட்டி, உறையப் பார்க்கும். அப்படி உறைந்தால் திறந்த குழாய் சில நிமிடங்களில் மறுபடி அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஜோடியாக வருகின்றன. பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இரண்டும், பிறகு ஒன்று மட்டும் என்று போகும். யாருக்கு எவ்வளவு காலம் என்பது ஸ்டென்ட்டையும் ஆளையும் பொறுத்தது. அதை முடிவு செய்ய வேண்டியவர் இதய டாக்டர். பக்கத்து வீட்டு அனுபவசாலியிடம் விடக்கூடிய விஷயம் அல்ல.

இதில் அடிக்கடி இடறுவது பல் விஷயத்தில். ‘பல் பிடுங்கணும், ரத்தம் நிக்காதாமே’ என்று டென்டிஸ்டிடம் போவதற்கு ஐந்து நாள் முன்பே வீட்டில் இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். யாரும் சொல்லாமலே! சாதாரணமாக ஒரு பல்லை எடுக்க இவற்றை நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை. பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். எதுவானாலும் பல் டாக்டரை இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். ஒரு போன் கால்தானே?

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லாதவர், நண்பர் போடுகிறார் என்று தானும் தினம் ஓர் ஆஸ்பிரின் 75 போட்டுக்கொள்கிறார். வயிற்றில் ரத்தக் கசிவு வரக்கூடிய மாத்திரை அது. நோய் இல்லாதவருக்கு லாபத்தைவிட ஆபத்தே அதிகமாகிவிடலாம் என்பதால், முன்பு தாராளமாக எழுதிக்கொடுத்த டாக்டர்களே இப்போது கையை இழுத்துக்கொண்டுவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் அதிகம் திட்டு வாங்கும் மாத்திரை எது தெரியுமா? ராத்திரி போடும் அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் வகை. ஸ்டாடின் குடும்பம். இதன் பிறப்பு சுவாரஸ்யமானது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொழுப்பைக் குறைக்கும் பொருளைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார். 1973-ல் அது கிடைத்தது, அரிசியில் பிடித்திருந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்தில். நாம் பார்த்ததும் முகம் சுளித்துக் கொட்டிவிடுகிற சமாசாரம்! கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் மருந்துக்கு வழிகாட்டிய அவர் 2024-ல்தான் காலமானார்.

‘கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்’ என்கிறார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால் என்றால், நிறுத்தினால் என்ன ஆகும்? சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். தவிர, ரிப்போர்ட்டில் எண்ணைக் குறைப்பதோடு, ரத்தக் குழாயின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் அது உதவுகிறது. சிலருக்கு தசைவலி வருவது உண்மைதான். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், இல்லை வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவார். யூடியூபில் பார்த்துவிட்டு நிறுத்துவது வேறு கதை.

பிரஷர் மாத்திரைக்கு வருவோம். எனாலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடியும் மருந்துகள் இதயத்தின் சுமையைக் குறைப்பவை. இந்த வகைக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷம் என்றால் நம்புவீர்களா? மருந்து நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். அம்மா இருமுகிறாள். சிரப் வாங்குகிறோம். சுக்கு, மிளகு, துளசி என்று கஷாயம் வைக்கிறோம். எக்ஸ்ரே எடுக்கிறோம். கடைசியில் காரணம் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்! டாக்டரிடம் சொன்னால் டெல்மிசார்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றிவிடுவார். இருமல் தானாக அடங்கும். ஆனால் உதடோ முகமோ வீங்கினால் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிதான்.

நாடித்துடிப்பையும் பிரஷரையும் அடக்கிவைக்கும் மெட்டோப்ரோலால், அடினோலால் வகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று விடக் கூடாது. பிடித்திருந்த கயிற்றைச் சட்டென்று விட்டால் மாடு துள்ளி ஓடுவதுபோல, நாடித்துடிப்பும் பிரஷரும் எகிறிவிடும். நெஞ்சுவலியும் வரலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து வைத்துவிட்டால், ‘ரெண்டு நாள்தானே’ என்று விடாமல் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிரிஸ்கிரிப்ஷனை மொபைலில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் போதும். சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இந்த வகை மாத்திரை மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். திடீரென்று வியர்த்துக் கொட்டினால் சுகரைப் பாருங்கள்.

நீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் காலையில் போட வேண்டும். ராத்திரி போட்டால் தூக்கம் போகும், இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து விழுகிற ஆபத்தும் உண்டு. அவ்வளவுதான்.

வால்வு மாற்றியவர்கள் வீட்டில் கீரை ஒரு பெரிய பஞ்சாயத்து. ரத்தம் உறையாமல் இருக்க அவர்களுக்கு அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை தருகிறார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே அதன் வேகத்தைக் குறைக்கும். உடனே என்ன செய்கிறோம்? கீரைக்கே தடை போட்டுவிடுகிறோம். அது தேவையில்லை. வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் அதே இரண்டு நாள் இருக்கட்டும். ஆடி மாசம் முருங்கைக்கீரை மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் பொரியல், அடுத்த மாசம் ஒன்றுமே இல்லை என்று ஆடும்போதுதான், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் டெஸ்ட் எண்களும் ஆடுகின்றன. இந்த மாத்திரை சாப்பிடும் இளம்பெண்கள், குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும்போதே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு என்று காத்திருக்கக் கூடாது. ‘ப்ரில்’, ‘சார்டன்’, ஸ்டாடின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

சரி, வீட்டில் இந்த டப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் மருமகள். அப்பாவுக்கு மணி அடித்தாற்போல் மாத்திரை போகும். அம்மாவின் பிரஷர் மாத்திரை மட்டும் தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்கும். கேட்டால், ‘எனக்கு என்ன, லேசான பிரஷர்தானே’ என்பார். முழங்கால் வலிக்கு மட்டும் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் தவறாமல் உள்ளே போகும். அந்த வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், உடம்பில் நீர் சேர்க்கும், சிறுநீரகத்தைப் படுத்தும். இதய நோயாளிகள் கடையில் தானாக வாங்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பேன். உங்கள் வீட்டு அம்மாவின் மாத்திரை அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்களேன்.

பணம் ஒரு தடை என்றால் வழிகள் இருக்கின்றன. இவற்றில் பல மருந்துகள் ஜெனரிக் பெயரில் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவாகக் கிடைக்கின்றன. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. கௌரவம் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அட்டை வேறு நிறத்தில் இருக்கிறது என்று பயம் வந்தால், அதில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் என்றால் மருந்தாளுநரைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் ‘கேஸ்’ என்று சோடா உடைத்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், முதல் உதவியாகவே ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நாலு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு என்று 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மேலே படித்த அதே மூன்று மருந்துகள்தான்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால், உட்கார்ந்துகொண்டு வையுங்கள். நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம், அது அந்த மருந்தின் குணம். வயாகரா வகை மாத்திரை போட்டவர் ஓரிரு நாளைக்கு இதைத் தொடவே கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். டியூட்டி டாக்டர் கேட்டால் எதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மருமகள் பக்கத்தில் நிற்கிறாளே என்ற வெட்கத்தையெல்லாம் வார்டுக்கு மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்