மூன்று நாள் லீவு! ஊட்டிக்குப் போகலாமா?

வெள்ளிக்கிழமை பண்டிகை. சனி, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள் லீவு. "வாடா, ஊட்டிக்குப் போவோம்" என்று சினேகிதன் கூப்பிடுகிறான்.

நமக்கு வரும் ஆசைதானே எல்லோருக்கும் வரும்? அத்தனை பேரும் காரில் கிளம்பினால் மலைப்பாதை அடைபட்டுப் போகும். ஓய்வு தேடிப் போனவர்கள் ரோட்டிலேயே பொழுதைக் கழிப்பார்கள். மலையில் குடியிருப்போர் பாடு இன்னும் மோசம். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அதே ரோடுதான்!

இதில் சென்னை ஐகோர்ட்டு தலையிட்டது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 'இ-பாஸ்' வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டினார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள். சனி, ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

நீலகிரி வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். அவர்கள் கவலையும் நியாயமே. கோடை வியாபாரம்தான் அவர்களுக்கு வருஷச் சோறு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரம்பு வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் கேட்கவில்லை. எட்டு சினேகிதர்கள் நாலு காரில் போவானேன்? மேட்டுப்பாளையத்தில் ஒரே பஸ்ஸில் ஏறலாமே. ஜன்னல் ஓரத்துச் சீட்டுக்குத்தான் சண்டை வரும்!